வகுப்பறைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் இடையே இருபதடி: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் ராகியும் அவரையும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பணியில் இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்போது துணிவு வரவில்லை. இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். 'இரத்தசோகை எதனால் உண்டாகிறது?' என்ற கேள்விக்குக் காலாண்டுத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாள். இரும்புச்சத்து, ஹீமோகுளோபின், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஈரல் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். நான்தான் திருத்தினேன், 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதியும் கொடுத்தேன். அடுத்த வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. அன்று மாலை வகுப்பறை ஜன்னலோரம் சுவர் வெடிப்புக்குள் ஏதோ நீலமாகத் தெரிகிறதே என்று குச்சியை விட்டுக் கிளறினேன். வாராவாரம் நாங்கள் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அத்தனையும் அங்கே கிடந்தன. அவளுடையவை மட்டுமல்ல, பாதி வகுப்பினுடையவை.

ஏன் போடவில்லை என்று மறுநாள் கேட்டேன். "வயித்தப் பொரட்டுது டீச்சர். வெளிய போனா கறுப்பாப் போவுது. பயமா இருந்துச்சு" என்றாள்.

இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். போட்ட பிறகு மலம் கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. இந்த இரண்டு செய்திகளையும் அத்தனை ஆண்டுகளில் ஒரு வகுப்பிலாவது நான் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சத்துணவு ஆயாதான் சொன்னார்: "சோறு தின்னுட்டுப் போட்டா ஒண்ணும் பண்ணாது கண்ணு. இனிமே தட்டு கழுவுனதும் எங்கிட்ட வா." அதற்குப் பிறகு மாத்திரை வகுப்பறையில் கொடுக்கப்படவில்லை, சத்துணவுக் கூடத்தின் வாசலில் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கப்பட்டது. எலுமிச்சைச் சாதம் போடும் நாளில் நானும் போய் நின்றுகொண்டு, அந்தப் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்க எப்படி உதவுகிறது, சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது எப்படித் தடைபடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். கரும்பலகை இல்லை, புத்தகம் இல்லை. பிள்ளைகள் தட்டை ஏந்தியபடி கேட்டார்கள். நான் நடத்திய பாடங்களிலேயே வீடு வரைக்கும் போன பாடம் அது. "டீச்சர், எங்கம்மா இப்ப சோத்தோட டீ குடிக்கறதில்ல" என்று பையன்கள் வந்து சொன்னார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த அம்மாக்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

எங்கள் பள்ளியில் வகுப்பறைத் திண்ணையிலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு இருபதடிதான் இருக்கும். அந்த இருபதடியை நான் பாடத்துக்காகக் கடக்க இருபது ஆண்டுகள் ஆயின. என் சோம்பல் மட்டும் அதற்குக் காரணமில்லை. வகுப்பறை உங்கள் துறையுடையது. சத்துணவு மையம் சமூக நலத் துறையுடையது. காலை உணவை மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். மாத்திரை சுகாதாரத் துறையிலிருந்து வருகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் வயலுக்கு வேளாண்மைத் துறை. ஒரு குழந்தையின் வயிற்றைச் சுற்றி இத்தனை துறைகள் நிற்கின்றன. ஒருவர் பதிவேட்டை ஒருவர் பார்ப்பதில்லை. எங்கள் நேர அட்டவணையில் 12.40 முதல் 1.20 வரை 'உணவு இடைவேளை' என்று எழுதியிருக்கும். நான் உங்களிடம் கேட்பதெல்லாம் அந்த இடைவேளையைப் பாடவேளையாக மதியுங்கள் என்பதுதான். பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பாடநூலோ தேர்வோ சுமத்துங்கள் என்று கேட்கவில்லை. சுமத்தினால் அதுவும் ஸ்கர்வி, ரிக்கெட்ஸ், பெரிபெரி என்று சத்துக் குறைவால் வரும் நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் இன்னொரு பட்டியலாகிவிடும்.

பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதில் நமக்கு நெடிய வரலாறு உண்டு. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் காமராசர் மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். நாடு முழுக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதே 2001இல்தான். நூறாண்டுகளாகப் பரிமாறி வருகிறோம், பரிமாறுவதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கவில்லை.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சத்துணவு அரிசியே சாட்சி. செறிவூட்டப்பட்ட அரிசி வரத் தொடங்கியபோது ஊரே கலங்கியது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில், இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்துச் செய்த அரிசிமணியைக் கலக்கிறார்கள். நிறம் சற்று வேறு, தண்ணீரில் போட்டால் சில மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி போடறாங்க' என்று பேச்சுப் பரவியது. சமையல் உதவியாளர் முறத்தில் பரப்பி, அந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். அக்கறையோடுதான் செய்தார், பிள்ளைகளுக்குக் கெடுதல் வரக் கூடாதே என்றுதான் செய்தார். மூட்டையோடு ஒரு பக்கத் துண்டுச்சீட்டு தமிழில் வந்திருந்தால் போதும். அறிவியல் ஆசிரியையான நான் முன்கூட்டியே அந்த முறத்தின் பக்கத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். செறிவூட்டுவது தேவையா என்று வல்லுநர்களிடையே விவாதம் உண்டு. அந்த விவாதமே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்ல பாடம்!

அடுத்தது ராகி. எங்கள் மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசாமல் உணவைப் பற்றிப் பேச முடியாது.

காலையில் வந்ததும் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பது என் வழக்கம். களி தின்றுவிட்டு வந்த பிள்ளை "தோசை" என்று சொல்லும். விரலிடுக்கில் களி ஒட்டியிருக்கும், வாய் தோசை என்று சொல்லும். ஆறாம் வகுப்புக்கு மேலே போகப் போக இது கூடும். களி ஏழை சோறு, பட்டிக்காட்டுச் சோறு என்று எட்டு வயதுக்குள் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். எலும்பு வளரும் வயதில் பிள்ளைக்கு எது வேண்டுமோ அது அவன் வீட்டுச் சட்டியில் கிண்டப்படுகிறது. அவனோ அதை மறைக்கிறான். 2023இலிருந்து தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அட்டையில் இருக்கும் ராகி பள்ளித் தட்டில் வரவில்லை. வெஜிடபிள் பிரியாணி, தக்காளி சாதம், புளி சாதம், சாம்பார் சாதம் என்று கன்னியாகுமரிக்கும் ஓசூருக்கும் ஒரே பட்டியல். அந்த உணவில் எனக்குக் குறையில்லை, பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் அரசு தன் கையால் பரிமாறும் உணவில் ராகி இருந்தால்தான், அது வெட்கப்பட வேண்டிய உணவில்லை என்று அந்தப் பிள்ளை நம்பும். வாரத்தில் ஒரு நாளாவது அந்தந்த மாவட்டத்தின் தானியம் சத்துணவில் வரட்டும். இங்கே ராகி, ஜவ்வாது மலையில் சாமை, தெற்கே கரிசல் காட்டில் கம்பும் குதிரைவாலியும். பிரேசில் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று வைத்தார்கள். பாலக்கோடு சந்தையில் விலை விழும்போதெல்லாம் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் எங்கள் ஊர்க்காரர்களை நினைத்தால் அந்தச் சட்டம் எனக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது.

பள்ளித் தோட்டத்தைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே சுற்றறிக்கைகள் அனுப்பியிருக்கிறீர்கள். ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க ஒன்றிய அரசும் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நானும் தோட்டம் போட்டவள்தான். முதல் முறை ஜனவரியில் போட்டேன். கத்தரி பூப்பிடிக்கும் நேரத்தில் முழுஆண்டுத் தேர்வு வந்தது, பிறகு கோடை விடுமுறை. ஜூனில் வந்து பார்த்தபோது ஆடு தின்றது போக மீதி காய்ந்து கிடந்தது. புகைப்படம் எடுத்து அனுப்பியதோடு பல பள்ளித் தோட்டங்கள் இப்படித்தான் முடிகின்றன. பள்ளியின் நாட்காட்டியும் பயிரின் நாட்காட்டியும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் கோளாறு. இரண்டாம் முறை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "ஆடிப்பட்டம் எதுக்கு இருக்குது?" என்று திருப்பிக் கேட்டார். ஆடி முதல் வாரத்தில் ராகி விதைத்தால் கார்த்திகையில் கதிர் அறுத்துவிடலாம், அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வேலை முடிந்துவிடும். ஆறு வரிசை ராகிக்கு ஒரு வரிசை அவரை போட்டால், அவரை தைப் பொங்கல் தாண்டியும் காய்க்கும். கோடையில் நிலம் சும்மா கிடக்கட்டும், அதுதான் மானாவாரி வழக்கம்.

ஒரு சென்ட் இடத்தில் விதைத்தோம். ஒரு கைப்பிடி ராகி போதுமானதாக இருந்தது. களை இரண்டு முறை எடுத்தோம். ஒரு கதிரில் எத்தனை மணி என்று ஆறாம் வகுப்பு எண்ணியது, அதை வைத்து மொத்த விளைச்சலை ஏழாம் வகுப்பு மதிப்பிட்டது, அறுத்து எடைபோட்டு எட்டாம் வகுப்பு சரிபார்த்தது. ஏழு கிலோ கிடைத்தது. பிள்ளைக்கு ஐம்பது கிராம் என்று வைத்தால் நூறு பிள்ளைகளுக்கு ஐந்து கிலோ போதும். அன்றைக்கு ஆயா வெல்லமும் தேங்காயும் போட்டு ராகிப் புட்டு அவித்தார். தோசை என்று சொல்லும் பையன் இரண்டாம் முறை தட்டை நீட்டிக்கொண்டு, "எங்க ஊட்லயும் இத செய்வாங்க டீச்சர்" என்றான்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் எழுதியாக வேண்டும். முதல் முறை பிள்ளைகள் கையில் மண்வெட்டி கொடுத்தபோது ஓர் அப்பா பள்ளிக்கு வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். சத்தம் போடவில்லை. "டீச்சர், நாந்தான் மம்முட்டி புடிக்கறேன். எம்புள்ள புடிக்கக் கூடாதுன்னுதான் இங்க அனுப்பறேன்" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை. 1953இல் ராஜாஜி அரசு பாதி நாள் பள்ளி, மீதி நாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்ததும், குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்ததும், 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டதும் இந்த மண்ணில் யாருக்கும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த அப்பாவின் பயம் நியாயமானது. தாமதமாக வந்த பிள்ளையைத் 'தோட்டத்துக்குத் தண்ணி ஊத்து' என்று அனுப்பும் பழக்கம் எங்கள் பள்ளிகளில் இருந்தது, நானும் அனுப்பியிருக்கிறேன். உழவைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டு உழவுக்கு வந்தனை செய்யப் பாட்டுப் பாடச் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

ஆகவே தோட்டம் என்று ஆணை எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுதுங்கள். மண்வெட்டியை முதலில் ஆசிரியர் பிடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளைக்கு மேல் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்ய வேண்டும், வங்கி மேலாளர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பாத்தியில். தண்டனையாக ஒருபோதும் கூடாது. காய் நறுக்குவதும் பரிமாறுவதும் பெண்பிள்ளைகள் தலையில் விழக் கூடாது, ஆண்பிள்ளைகளுக்கும் அரிவாள்மனை பிடிக்கத் தெரிய வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்த வேண்டும். கிராமத்து அரசுப் பள்ளிக்கு மட்டும் மண், நகரத்துப் பள்ளிக்குக் கணினி என்று பிரித்தால் அது பழைய குலக்கல்விதான்.

அந்த அப்பாவை நான் பிறகு பள்ளிக்கு அழைத்தேன். வேலைக்கு இல்லை, பாடம் நடத்த. வகுப்பறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிடித்துக் காட்டி, உருண்டை நிற்கிறதா உதிர்கிறதா என்று பார்த்து ஈரம் சொன்னார். பிறகு அவரைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை உதறினார். குட்டிக் குட்டி முடிச்சுகள். "இது இருந்தாத்தான் பக்கத்துல இருக்கற ராகி நல்லா வரும்" என்றார். அந்த முடிச்சுக்குள் இருந்துகொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரின் பெயரை, ரைசோபியம் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அந்த முடிச்சைப் பிள்ளைகள் கையில் முதன்முதலில் கொடுத்தவர் அவர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மகன் அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

உழவர்களை ஆண்டுக்கு நான்கு முறையாவது இப்படி மதிப்பூதியம் கொடுத்து அழைக்கப் பள்ளிகளுக்கு அனுமதியும் சிறு நிதியும் தாருங்கள். எங்கள் பக்கம் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போய்வருவது பெரிய செலவில்லை.

சத்துணவு ஆயாக்களை இந்தப் பாடத்தின் ஆசிரியர்களாக மதியுங்கள். ஜப்பானில் 2005இல் உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் போட்டார்கள். பள்ளிகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பணியிடம் இருக்கிறது, பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். நம்மிடம் ஒவ்வொரு பள்ளியிலும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். காலமுறை ஊதியம் கேட்டு எத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு ஊட்டச்சத்துப் பயிற்சி கொடுங்கள், ஆசிரியர் கூட்டத்தில் நாற்காலி கொடுங்கள், ஊதியத்தையும் சரிசெய்யச் சமூக நலத் துறையிடம் பேசுங்கள். சமைப்பவரின் சாதியைப் பார்த்துப் பெற்றோர் தட்டை ஒதுக்கச் சொன்ன செய்திகள் நம் மாநிலத்திலும் வந்திருக்கின்றன. அந்த ஆயா வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் பள்ளியில் பிறகு எந்தக் குழந்தையும் அந்தக் கேள்வியைக் கேட்காது என்று நான் நம்புகிறேன்.

வாசலில் விற்கும் பாக்கெட்டுகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளோ, வாசலிலிருந்து ஐம்பது மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அளவு நாடாவைக் கொடுத்து வாசலிலிருந்து ஐம்பது மீட்டர் அளக்கச் சொல்லுங்கள். 250 மில்லி குளிர்பானத்தில் இருக்கும் சர்க்கரையை, ஏறத்தாழ ஐந்து ஆறு தேக்கரண்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். கடைக்காரரைத் துரத்த வேண்டாம், அவரும் நம் பிள்ளை ஒன்றின் தாத்தாவாகவே இருப்பார். வேர்க்கடலை உருண்டையும் அவித்த சுண்டலும் விற்க அவருக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உதவட்டும். என் பள்ளிக்கு எதிரே ஒரு பாட்டி அப்படி மாறினார், வியாபாரம் குறையவில்லை.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதையொட்டிப் புதிய பாடநூல்களை எழுதும்போது, உணவுப் பாடத்தின் முதல் பக்கத்தில் ஊட்டச்சத்து அட்டவணையை வைக்காதீர்கள். 'இன்று உன் தட்டில் என்ன இருந்தது, அது எந்த ஊரில் விளைந்தது, யார் சமைத்தார்?' என்று கேட்டு, எழுதுவதற்கு இடம் விடுங்கள். அதை நிரப்பப் பிள்ளை அந்த இருபதடி நடந்துபோய்க் கேட்கட்டும்.

விதை என்னிடம் இருக்கிறது. போன கார்த்திகையில் எடுத்த ராகியில் ஐந்து கிலோவைச் சாம்பல் கலந்து மண்பானையில் கட்டி வைத்திருக்கிறேன். பள்ளிக்கு ஒரு கைப்பிடி என்றால் நூறு பள்ளிகளுக்கு வரும். உங்கள் ஆணை ஆனி மாதத்துக்குள் வந்துவிட்டால் ஆடியில் தூவிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தருமபுரி மாவட்டம்.